ஷெட்லாந்திலிருந்து வந்த பதில்கள்

அத்தியாயம் 14

ஸ்வெட்டரின் மார்புப் பக்கத்து நட்சத்திரங்கள் பளிச்சென்று இருந்தன. கைப் பக்கத்து நட்சத்திரங்கள் மட்டும் சோர்ந்து, உள்ளே அமுங்கிப் போயிருந்தன.

விஜயலக்ஷ்மி இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். அதே கருநீலம், அதே சந்தன வெள்ளை. தி.நகரில் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய கம்பளி நூல். பின்னியதும் அவளேதான். பிறகு எப்படி?

இந்த வீட்டுக்குள் இந்த வாரம்தான் முதன்முதலாக நுழைகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

மயிலாப்பூரில் குடியிருக்கும் விஜயலக்ஷ்மி, கோபாலபுரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். கணவர் சுவாமிநாதன் இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து அடுத்த மாதம் ஓய்வு பெறப் போகிறவர். மகன் அனிருத் அமெரிக்காவில், மினியாபொலிஸில். அவன் மனைவி ஷ்ரேயா கர்ப்பமாக இருக்கிறாள். வரப்போகும் பேரக் குழந்தைக்காகத்தான் இந்த ஸ்வெட்டர்.

சாதாரண ஸ்வெட்டர் இல்லை. ஒரே வரிசையில் இரண்டு நிற நூல் ஓடும். ஒரு நிறம் முன்னால் கண்ணியாக விழும்போது, மற்றது பின்பக்கமாகக் கூடவே வர வேண்டும். அதை இறுக்கி இழுத்தால் துணி சுருங்கும். தளர விட்டால் குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளும். இந்த வித்தையைச் சொல்லிக் கொடுக்க விஜயலக்ஷ்மிக்குத் தெரிந்த வட்டாரத்தில் யாருமே இல்லை. கம்ப்யூட்டர் படிக்கும் மகள் ஸ்ரீரஞ்சனிதான் லஸ் பக்கம் இருக்கும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இன்டர்நெட்டில் தேடி, கட்டம் கட்டமாக வரைந்த படங்களை அச்செடுத்து வந்து கொடுத்தாள். கட்டங்களைப் பார்த்ததும் கணக்கு டீச்சருக்குப் பயம் போய்விட்டது.

பாதியில் சிக்கியபோது ரஞ்சனி அம்மாவின் சந்தேகத்தை இன்டர்நெட்டில் பின்னல்காரர்கள் கூடும் ஒரு குழுவுக்கு எழுதிப் போட்டாள். பதில் வந்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஷெட்லாந்து என்ற தீவிலிருந்து. எழுதியவள் மார்கரெட்.

அன்றிலிருந்து விஜயலக்ஷ்மி தாளில் எழுதிக் கொடுப்பாள். ரஞ்சனி அதை டைப் அடித்து அனுப்புவாள். பதிலை அச்செடுத்து வருவாள். நூலைப் பற்றித் தொடங்கிய பேச்சு, மெல்ல மெல்ல வீட்டைப் பற்றிய பேச்சாயிற்று. வேலையை விட்டுவிட்டு அமெரிக்கா போக ஏன் மனசு வரவில்லை என்பதை விஜயலக்ஷ்மி வேறு யாரிடமும் சொன்னதில்லை. மார்கரெட்டுக்குத்தான் எழுதினாள்.

மார்கரெட் பதில் எழுதினாள்: ‘போய் வா, விஜி. என் பேத்தி பிறந்தபோது நானும் தபாலாபீஸ் வேலையை விட்டேன். ஒருநாள்கூட அதற்காக வருத்தப்பட்டதில்லை.’

அதைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகுதான் விஜயலக்ஷ்மி ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். இன்று சாயங்காலம் பள்ளியில் அவளுக்குப் பிரிவுபசாரம்.

இனி, இன்று காலை.

ஸ்வெட்டரை மடியில் போட்டுக்கொண்டு அவள் பழைய தாள்களைப் புரட்டினாள். மார்கரெட்டின் முதல் கடிதத்திலேயே இருந்தது: நட்சத்திரத்தின் நிறத்தை இடது கையில் பிடி. அடித்தள நிறம் வலது கையில். கடைசி வரை மாற்றாதே, மாற்றினால் படம் அமுங்கிவிடும்.

போன மாதத்துக் கடிதத்தில் அதே மார்கரெட், ‘எந்தக் கையில் எதைப் பிடித்தாலும் ஒன்றுதான், உனக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்’ என்று எழுதியிருந்தாள். அதை நம்பித்தான் விஜயலக்ஷ்மி ஸ்வெட்டரின் கையைப் பின்னும்போது நூல்களை மாற்றிப் பிடித்தாள்.

பிறந்ததிலிருந்து பின்னுகிறவள் இப்படியா மறப்பாள்? உடம்பு சரியில்லையோ?

“ரஞ்சனி எங்கே?” என்று கேட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்தாள்.

“இன்டர்வ்யூன்னு காலம்பறவே அடையாறு கிளம்பிட்டாளே. உன்கிட்ட சொல்லிண்டுதானே போனா?” சுவாமிநாதன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“மறந்துட்டேன். பரவால்ல, ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி நானே லஸ்ல அந்த சென்டருக்குப் போயிட்டு வரேன். மார்கரெட்டுக்கு ஒரு வரி எழுதணும்.”

பேப்பர் கீழே இறங்கியது.

“நீ எதுக்கு? அவ வந்ததும் போகச் சொல்லேன். உனக்கு அந்த மெஷின்லாம் எங்கே தெரியப்போறது?”

“தெரிஞ்சவாளைக் கேட்டுண்டா போச்சு. பாஸ்வேர்டு ரஞ்சனி சொல்லியிருக்கா.”

“இன்னிக்கு ஃபங்ஷனை வெச்சுண்டு வெயில்ல அலையாதே விஜி.”

அவர் கரிசனமாகத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் செருப்பை மாட்டினாள்.

பிரவுசிங் சென்டர் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஏ.சி. குளிரில் நாலைந்து பையன்கள் திரையோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த வஜீஹா அவளைப் பார்த்ததும் எழுந்தாள். முப்பது வயதிருக்கும். கணவனோடு சேர்ந்து இந்த இடத்தை நடத்துகிறவள். ரஞ்சனி அடிக்கடி அவளைப் பற்றிச் சொல்வாள்.

“நீங்க ரஞ்சனி அம்மாதானே? முகம் அப்படியே இருக்கு. வாங்க ஆன்ட்டி, உக்காருங்க.”

“ஒரு மெயில் அனுப்பணும்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீதான் உதவி பண்ணணும்.”

“அது என்னா பெரிய விஷயம். நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்.”

மோடம் கரகரத்துப் பாடி முடித்தது. பெயரையும் பாஸ்வேர்டையும் விஜயலக்ஷ்மி சொல்ல, வஜீஹா தட்டினாள். திரையில் ஒரு வரிசை விரிந்தது.

“மார்கரெட்டோட பழைய மெயில் ஒண்ணைத் திறந்துட்டா, அதுலேர்ந்தே பதில் போட்டுடலாம் ஆன்ட்டி. இதோ.” வஜீஹாவின் விரல் திரையில் மேலும் கீழும் போயிற்று. “மூணு மெயில் இருக்கு அவங்ககிட்டேருந்து.”

“மூணா? நிறைய இருக்குமே.”

“மூணுதான் ஆன்ட்டி. கடைசியா வந்தது பொங்கலுக்கு முன்னாடி.”

“அது எப்படி? போன வாரம்கூட வந்ததே.”

வஜீஹா அந்தக் கடைசி மெயிலைத் திறந்தாள். விஜயலக்ஷ்மி மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படித்தாள். அவள் இதுவரை பார்த்தே இராத கடிதம் அது.

மார்கரெட்டுக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சையாம். கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இனித் தன்னால் எழுத முடியாது, மன்னிக்க வேண்டும், குழுவில் இருக்கும் மற்றவர்கள் உதவுவார்கள், உங்கள் பேரக் குழந்தைக்கு என் ஆசிகள். அவ்வளவுதான் கடிதம்.

விஜயலக்ஷ்மி அதை இரண்டாம் முறையும் படித்தாள்.

“இதுக்கப்பறம் வந்ததெல்லாம் அழிஞ்சு போயிருக்குமோ?”

“அழிஞ்சாலும் நீங்க அனுப்பினது இருக்கும் ஆன்ட்டி.” வஜீஹா வேறொரு பக்கத்தைத் திறந்தாள். “நீங்க அனுப்பினதும் அந்த டைமோட நின்னுபோச்சே.”

“எங்காத்துல ஒரு கத்தை இருக்கும்மா. எல்லாம் உங்க பிரின்டர்ல எடுத்ததுதான்.”

வஜீஹா கொஞ்சம் யோசித்தாள். பிறகு, உதவி செய்கிற சந்தோஷத்தோடேயே சொன்னாள். “அதுவா? அது ரஞ்சனி அடிக்கிறதாச்சே ஆன்ட்டி. நெட்ல இல்ல, சும்மா வேர்டுல உக்காந்து அடிக்கும். ‘டியர் விஜி’ன்னு ஆரம்பிக்கும். ஏதோ கதை எழுதுதுன்னு நெனச்சேன். இங்கிலீஷ் எவ்ளோ அழகா வருதுன்னு ஒரு தடவை சொல்லிக்கூட இருக்கேன், சிரிச்சிச்சு.”

பக்கத்தில் ஒரு பையன் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரையோடு ஒட்டிக்கொண்டான்.

“ஆன்ட்டி?” வஜீஹாவுக்குத் தான் சொல்லக் கூடாத எதையோ சொல்லிவிட்டது புரிந்தது. “தண்ணி எடுத்தாரட்டா?”

“வேண்டாம்மா.”

“மெயில் அனுப்பணும்னீங்களே?”

“யாருக்கு அனுப்பறது?” என்றாள் விஜயலக்ஷ்மி. வஜீஹாவிடம் கேட்டது போல அது இல்லை.

படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். ஆட்டோக்காரர் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

“எங்கம்மா போணும்? இன்னாமா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

“கோபாலபுரம்.”

ஆட்டோ ராயப்பேட்டையில் திரும்பியபோதுதான் டானல்டின் நினைவு வந்தது.

மார்கரெட்டின் கணவர் டானல்ட். பிப்ரவரியில் பதில் வராமல் அவள் தவித்துக்கொண்டிருந்தபோது, டானல்டுக்கு நிமோனியா, ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அதனால்தான் தாமதம் என்று ஒரு கடிதம் வந்தது. விஜயலக்ஷ்மி அன்றே சுவாமிநாதனோடு கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போனாள். குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்டார். பேரைச் சொன்னால் விழிப்பார் என்று, “சுவாமி பேருக்கே பண்ணிடுங்கோ” என்று சொல்லிவிட்டு, மனசுக்குள் டானல்ட், டானல்ட் என்று சொல்லிக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமைகளில் ஒரு வேளைதான் சாப்பிட்டாள். டானல்ட் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கடிதம் வந்த அன்று பாயசம் வைத்தாள்.

பிப்ரவரியில் ரஞ்சனிக்குப் பரீட்சை நடந்தது. அவளுக்கு எழுத நேரம் இருந்திருக்காது. அவ்வளவுதான் விஷயம்.

பாயசத்தை ரஞ்சனி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

“ஸ்கூலாண்ட வந்தாச்சும்மா” என்றார் ஆட்டோக்காரர்.

ஹெச்.எம். அறைக்கு வெளியே பெஞ்சில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். தலையில் துப்பட்டா, மடியில் பை. விஜயலக்ஷ்மி அவளைச் சரியாகக் கவனிக்காமல் உள்ளே போனாள்.

“வாங்க விஜயலக்ஷ்மி. நாலு மணிக்குத்தானே ஃபங்ஷன்? இப்பவே வந்துட்டீங்களே.”

“மேடம், ஒண்ணு கேக்கணும்.” அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “என் ரிசிக்னேஷனை வாபஸ் வாங்கிக்க முடியுமா?”

ஹெச்.எம். பேனாவை மூடி வைத்தார்.

“என்னாச்சு? ஊருக்குப் போகலையா?”

“போக வேண்டாம்னு தோணறது.”

“நான் ஒரு மாசமா உங்ககிட்ட சொன்னேன். லீவு போட்டுட்டுப் போங்க, ரிசைன் பண்ணாதீங்கன்னு சொன்னேனா இல்லையா? நீங்கதான் பிடிவாதமா, தெரிஞ்சவங்க ஒருத்தங்க இப்படித்தான் பண்ணாங்க, அவங்க வருத்தப்படவே இல்லைன்னு சொன்னீங்க.”

“ஆமாம். சொன்னேன்.”

“உங்க இடத்துக்கு ஆர்டர் குடுத்தாச்சு விஜயலக்ஷ்மி. வெளியில உக்காந்திருக்கே, அந்தப் பொண்ணுதான். ஆதம்பாக்கத்துல பார்த்த வேலையை விட்டுட்டு வந்திருக்கு. இப்போ நான் அதுகிட்ட என்னன்னு சொல்லட்டும்?”

விஜயலக்ஷ்மி மேஜை விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் எழுந்து நின்றாள். “வணக்கம் மேடம். நான் உம்மே ஹானி. பி.எட். ட்ரெய்னிங்ல இந்த ஸ்கூலுக்கு வந்தப்போ உங்க கிளாஸ்ல பின்னாடி உக்காந்திருக்கேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது.”

“எந்த கிளாஸ்?”

“நைன்த் பி. ஜியாமெட்ரி. ஒரு பொண்ணு தப்பா ப்ரூஃப் போட்டுச்சு. நீங்க அழிக்காம, அந்தத் தப்பையே கடைசி வரைக்கும் கொண்டுபோய், எங்க முட்டிக்கிட்டு நிக்குதுன்னு காட்டினீங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது மேடம்.”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதைத் திரும்பக் கேட்பது? விஜயலக்ஷ்மி கைப்பையைத் திறந்து அலமாரிச் சாவியை எடுத்தாள்.

“மேல் தட்டுல பெரிய காம்பஸ் இருக்கு. ஸ்க்ரூ கொஞ்சம் லூஸ். ஒரு பேப்பரை மடிச்சு வெச்சிண்டா ஆடாது” என்று சொல்லிச் சாவியை உம்மே ஹானியின் கையில் கொடுத்தாள்.

சாயங்காலம் ஜாங்கிரி கொடுத்தார்கள். சந்தன மாலை போட்டார்கள். பேரக் குழந்தைக்காக வேலையையே துறந்த தாய் என்று ஒருவர் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் அழுதார்கள். விஜயலக்ஷ்மிக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

ரஞ்சனி வீட்டுக்கு வந்தபோது விளக்கு ஏற்றியாகிவிட்டது. அம்மா கூடத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டரின் ஒரு கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கருநீலமும் வெள்ளையும் தரையில் சுருள் சுருளாகக் கிடந்தன.

“என்னம்மா, பின்னினதை ஏன் பிரிக்கறே?”

“தப்பாப் போயிடுத்து. இன்டர்வ்யூ எப்படி ஆச்சு?”

“நன்னாப் பண்ணேன். ஃபங்ஷன் எப்படி இருந்தது?”

“இருந்தது. ஏண்டி, மார்கரெட்கிட்டேர்ந்து ஏதாவது வந்ததோ?”

அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று விஜயலக்ஷ்மி ஆட்டோவிலேயே முடிவு செய்திருந்தாள். கொடுத்துவிட்டு, நூலைப் பிரிக்கும் கையை நிறுத்தாமல் காத்திருந்தாள்.

ரஞ்சனி தோள்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். “வந்திருக்கும்மா. நாளைக்கு பிரின்ட் எடுத்துண்டு வரேன்.”

“என்ன எழுதியிருக்கா?”

“உனக்கு வாழ்த்து சொல்லியிருக்கா. ஃபேர்வெல்னு எழுதியிருந்தியே.”

எத்தனை இயல்பாக வந்தது. கண்கூட இமைக்கவில்லை.

“நான் இன்னிக்கு வஜீஹாவைப் பார்த்தேன்” என்றாள் விஜயலக்ஷ்மி.

ரஞ்சனி நின்ற இடத்திலேயே நின்றாள்.

“மார்கரெட்டுக்குக் கண் ஆபரேஷன்னு எழுதியிருக்காளே, அதை ஏண்டி என்கிட்ட காமிக்கல?”

“அம்மா...”

“சொல்லு.”

ரஞ்சனி தரையில் அம்மாவின் காலருகே உட்கார்ந்தாள். “காமிக்கத்தாம்மா வந்தேன். நீ வாசல்லயே நின்னுண்டு வந்துதா வந்துதான்னு கேட்டே. அனி கல்யாணத்துக்கப்பறம் அப்பத்தான் நீ கொஞ்சம் சிரிச்சுண்டு இருந்தே. இல்லைன்னு சொல்ல வாய் வரல. ஒரே ஒரு தடவை நானே எழுதிடலாம்னு... வெப்சைட்ல இருக்கறதைப் பார்த்துதான் எழுதினேன். அப்பறம் நிறுத்த முடியல.”

“டானல்ட்?”

ரஞ்சனி தலையைக் குனிந்துகொண்டாள். “எக்ஸாம் இருந்ததும்மா. நீ கோயிலுக்குப் போவேன்னு நான் நினைக்கல.”

“திங்கட்கிழமையானா ஒரு வேளைச் சாப்பாட்டோட கிடந்தேனே. பார்த்துண்டுதானே இருந்தே?”

ரஞ்சனி தரையில் கிடந்த நூலைச் சுற்றத் தொடங்கினாள்.

“சரி, அதை விடு. அம்மா ஏமாந்தா, பொழுது போச்சுன்னு வெச்சுக்கலாம். தபாலாபீஸ் வேலையை விட்டேன், வருத்தப்படலைன்னு எழுதினியே, அது எந்த வெப்சைட்ல இருந்தது?”

 ரஞ்சனியின் கண் ஒரு விநாடி அம்மாவைத் தாண்டிப் போயிற்று. விஜயலக்ஷ்மி திரும்பிப் பார்த்தாள்.

உள்ளறை வாசலில் சுவாமிநாதன் நின்றுகொண்டிருந்தார்.

“அவளைத் திட்டாதே. நான்தான் எழுதச் சொன்னேன்” என்றார்.

சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழியும் வாசனை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

“உங்களுக்கு எப்போதிலேர்ந்து தெரியும்?”

“ஜனவரி கடைசி. நீ எழுதிக் குடுத்த பேப்பர் இவ மேஜையில இருந்தது. படிச்சேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான்.”

விஜயலக்ஷ்மி எழுதியவை ஒவ்வொன்றாக அவளுக்கே நினைவு வந்தன. இந்த வீட்டில் நான் பேச வாயைத் திறந்தால் யாராவது டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறார்கள், வகுப்பறையில் மட்டும்தான் நான் பேசுவதற்காக நாற்பது பேர் காத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். என் கணவர் கெட்டவர் இல்லை, என்னைக் கேட்காமல் எனக்காக முடிவு செய்வதைப் பிரியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றும் எழுதியிருந்தாள். கடல் தாண்டி, முகம் தெரியாத ஒருத்தியிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு எழுதியவை.

அதைப் படித்துவிட்டுத்தான் இவர் தினமும் காலையில் அவள் கலந்து கொடுத்த காபியைக் குடித்திருக்கிறார்.

“கோயிலுக்கு நீங்களும் வந்தேளே” என்றாள். “டானல்டுக்கு அர்ச்சனை பண்ணபோது என் பக்கத்துல கையைக் கூப்பிண்டு நின்னேளே. அப்பவே தெரியுமா?”

சுவாமிநாதன் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். “என்ன பண்ணச் சொல்றே விஜி? நான் போகலாம்னு சொன்னா நீ கேட்டியா? அனி சொன்னான், அப்பவும் கேக்கல. யாரோ முகம் தெரியாத வெள்ளைக்காரி சொன்னா கேட்டே. அவ வாயால சொல்ல வெச்சேன். கெட்டதா என்ன சொல்லிட்டேன்? பேரனைப் பார்க்கப் போன்னு சொன்னேன்.”

“நீங்க மட்டும் போயிருக்கலாமே?”

 அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டென்று வயதானவர் போலத் தெரிந்தார்.

“தனியாப் போய் நான் என்ன பண்ணுவேன்? இங்கேயே இருந்தா, நான் ரிட்டயர் ஆனப்பறம் நீ ஸ்கூலுக்குப் போயிடுவே. இவளும் வேலைக்குப் போயிடுவா. நாள் முழுக்க இந்தக் கூடத்துல உக்காந்துண்டு... எனக்கு பயமா இருந்தது, விஜி. அங்கே அனியோட எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்னு நினைச்சேன்.”

அந்தப் பயம் பொய்யில்லை. விஜயலக்ஷ்மிக்கு அது தெரிந்தது. இதையே மூன்று மாதத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருந்தால், ஒருவேளை அவளே லீவு போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பாள்.

“இதை நீங்க என்கிட்டன்னா சொல்லியிருக்கணும்” என்றாள். “உங்க பேர்லயே சொல்லியிருக்கணும்.”

“அம்மா, நான் உன் ஸ்கூல்ல வந்து பேசறேன். நடந்ததைச் சொல்றேன்” என்றாள் ரஞ்சனி அழுதுகொண்டே.

“அந்த இடத்துக்கு ஆள் வந்தாச்சு. சாவியைக் குடுத்துட்டு வந்தேன்.”

டெலிபோன் அடித்தது.

வெள்ளிக்கிழமை. அனிருத் ஆபீஸ் கிளம்புமுன் கூப்பிடும் நேரம். சுவாமிநாதன் பழக்கத்தில் எழுந்தார். விஜயலக்ஷ்மி அவருக்கு முன்னால் போய் ரிசீவரை எடுத்தாள்.

“அம்மா, ஃபேர்வெல்லெல்லாம் ஆச்சா? எப்படி இருந்தது?” அனிருத்தின் குரல் உற்சாகமாக இருந்தது.

“ஆச்சு. அனி, உனக்கு மார்கரெட்னு யாரையாவது தெரியுமோ?”

அமெரிக்கா போனில் எப்போதும் பதிலுக்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி விழும். இது அதைவிட நீளமாக இருந்தது.

“அம்மா... அப்பா சொல்லிட்டாரா?”

அப்படியானால் இவனுக்கும் தெரியும். விஜயலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டாள்.

“நீயும் சேர்ந்துதானா?”

“அப்பாதாம்மா சொன்னார், இப்படிச் சொன்னாத்தான் நீ கிளம்புவேன்னு. ஷ்ரேயாவுக்கும் ஒத்தாசை வேணுமேன்னு நான்...”

“என்ன ஒத்தாசை?” இடையில் இன்னொரு குரல் கேட்டது. வீட்டின் இன்னொரு போனை ஷ்ரேயா எடுத்திருந்தாள். “அத்தை, நான்தான் பேசறேன். யாரு மார்கரெட்?”

“உனக்குத் தெரியாதா ஷ்ரேயா?”

“எனக்கு ஒண்ணுமே தெரியாது அத்தை. நீங்க ஏன் அழற மாதிரி பேசறீங்க?”

“நான் அமெரிக்கா வரலைன்னு சொன்னேம்மா. வேலையை விட மனசில்லைன்னு சொன்னேன். இவா எல்லாரும் சேர்ந்து என்னை வேலையை விட வெச்சிருக்கா.”

“நீங்க வரலைன்னு சொன்னீங்களா?” ஷ்ரேயாவின் குரல் மாறியது. “நீங்கதான் வந்தே தீருவேன்னு பிடிவாதமா இருக்கீங்க, அதுக்காக வேலையையே விட்டுட்டீங்கன்னு அனி சொன்னான். அதனாலதான் அத்தை எங்கம்மாவை நான் வரவேண்டாம்னு சொன்னேன். அவங்களுக்கு விசா வந்து, பெட்டிகூட வாங்கியாச்சு. நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லித்தான் அம்மாவை நிறுத்தினேன். ரெண்டு மாசமா அவங்க என்கூட சரியாப் பேசறதில்ல.”

விஜயலக்ஷ்மிக்கு ஷ்ரேயாவின் அம்மா செண்பகத்தின் முகம் கண்முன் வந்தது. போன மாதம் பாண்டி பஜாரில் எதிரே வந்தவள், தலையைக் குனிந்துகொண்டு விடுவிடுவென்று நடந்து போய்விட்டாள். என்ன கர்வம் என்று இவள் நினைத்தாள்.

“ஷ்ரேயா, போனை வை. நான் அப்பறம் உனக்கு எக்ஸ்ப்ளெயின் பண்றேன்” என்றான் அனிருத்.

“நீ வைடா” என்றாள் விஜயலக்ஷ்மி.

அவள் அந்தக் குரலில் அவனோடு பேசியதே இல்லை. மறுமுனையில் ஒரு ‘கிளிக்’ சத்தம் கேட்டது. சுவாமிநாதன் ரிசீவருக்காகக் கையை நீட்டினார். விஜயலக்ஷ்மி அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.

“அத்தை, இருக்கீங்களா?”

“இருக்கேம்மா. உடம்பைப் போட்டு அலட்டிக்காதே. உக்காந்துண்டியா?”

“உக்காந்திருக்கேன்.”

“நாளைக்குக் காலம்பற நான் அடையாறு போய் உங்கம்மாவைப் பார்க்கப்போறேன். அவகிட்ட போய் நிக்கறதுக்கு முன்னாடி எனக்கு எல்லாம் தெரியணும். என் பேரைச் சொல்லி உன்கிட்ட இவா என்னென்ன சொன்னா? ஒண்ணு விடாம சொல்லு. நான் கேட்டுண்டிருக்கேன்.”

ஷ்ரேயா சொல்லத் தொடங்கினாள்.